புரட்டும் நேரம்

திம்மராயன் போய் இருபத்து மூன்று நாள்.
காரியம் முடிந்த மறுவாரமே
மாங்கூழ் ஃபேக்டரிக்குத் திரும்பிவிட்டேன்.
சீசன்.
காவேரிப்பட்டணம் ரோட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன,
தார்ப்பாய்க்கு அடியில் மாம்பழம் வியர்க்கிறது.

'கல்லு மாதிரி உக்காந்திருக்கா' என்றார்கள் சாவு வீட்டில்.
கேட்டது.
கேட்காதது போல டீ டம்ளர் எண்ணினேன்,
பந்தல்காரனிடம் நூறு ரூபாய் குறைத்துப் பேசினேன்.
அழுகை வரும் என்று
எல்லோரோடும் சேர்ந்து நானும்தான் காத்திருந்தேன்,
ராயக்கோட்டை பஸ்ஸுக்குக் காத்திருப்பது போல.
வந்தது வேறொன்று.
தலைமேல் இருந்த தண்ணீர்க் குடத்தை
யாரோ பின்னாலிருந்து இறக்கிக்கொண்டது போல
கழுத்து லேசானது.
அதற்குப் பயந்து முந்தானையால் வாயை மூடினேன்.
ஒருத்தி மட்டும் அழுகிறேன் என்று நினைத்து
முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நான்கு வருஷம்.
தொப்பூர் கணவாயில் லாரி உருண்டு
இடுப்புக்குக் கீழே அவன் மரத்துப் போனதிலிருந்து
இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.
அலாரம் வைத்தது முதல் மாதம் மட்டும்.
அப்புறம் கை தானாக எழுந்துகொண்டது,
நான் எழாமலேயே.

திட்டுவான். 'மூட்டையாடி தூக்கற?'
ஒருநாள் தட்டை எறிந்தான்,
ரசம் காய்ந்த கோடு சுவரில் இன்னும் இருக்கிறது.
ஒருநாள், புரட்டும்போது,
என் மணிக்கட்டை முகர்ந்து
'மாம்பழ வாசனை' என்றான்.
அவ்வளவுதான்.
அந்த ஒன்றுதான் தொல்லை.
அது மட்டும் இல்லையென்றால்
எப்போதோ வெறுத்து முடித்திருப்பேன்.

ராத்திரி ஷிப்ட்.
பெல்ட்டில் பெங்களூரா உருண்டு வருகிறது.
ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்க வேண்டும்,
மேல்பக்கம் மஞ்சளாய்ச் சிரிக்கும் பழத்தின்
அடிப்பக்கம் கறுத்திருக்கும்.
மணி இரண்டு.
நான் கடிகாரம் பார்க்கவில்லை, கை பார்த்தது.
ஒரு பழத்தின் தலைக்கு அடியில் விரல் கொடுத்து,
இடுப்பைத் தாங்கி,
மெல்லத் திருப்பினேன்.
நசீமா சிரித்துவிட்டாள்.
'அதுக்கு வலிக்காதுக்கா.'

'எனக்கு நிம்மதியா இருக்கு நசீமா.'
'என்னது?'
பாய்லர் சத்தம்.
இப்படி ஒரு வார்த்தையைப் போய்க் கத்த வேண்டியிருந்தது.
'நிம்மதியா இருக்குன்னேன்!'
சூபர்வைசர் திரும்பிப் பார்த்தார்.
நசீமா அடுத்த பழத்தை எடுத்தபடி,
என் பக்கம் பார்க்காமல்,
'எங்க மாமியார் போன அன்னிக்கு
எனக்குப் பேய்ப் பசி.
பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டே நாலு பரோட்டா.
ஒம்பது வருசம் ஆச்சு, யார்கிட்டயும் சொல்லல' என்றாள்.
சொல்லிவிட்டு ஒரு அழுகலைக் கூடையில் போட்டாள்.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது
நிம்மதி வெறும் மேல்தோல் என்று.
அதற்குக் கீழே கோபம்:
அன்றைக்கு, குடித்துவிட்டு ஏறாதே என்று
சாவியைப் பிடுங்கினேனே,
சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டானே.
கொடுத்தேனே.
அதற்கும் கீழே என்ன என்று
அழுத்திப் பார்க்கவில்லை.
பெல்ட் எனக்காக நிற்காது.

விடிந்து வீடு வந்தேன்.
சையத் பாஷா மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
அவனுடைய காற்று மெத்தை இன்னும் ஊதித்தான் கிடக்கிறது,
மோட்டார் இருபத்து மூன்று நாளாக
உர்ரென்று ஓடுகிறது, யாருக்கோ.
கரண்ட் பில்லை நினைத்து ஸ்விட்சை அணைத்தேன்.
மெத்தை உடனே அடங்கவில்லை.
குழி குழியாக, அவசரமில்லாமல், மூச்சு விட்டது.
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணில் ஏதோ வந்தது, முழுசாக வரவில்லை.

வீடு அவ்வளவு அமைதியாகிவிட்டது.
தூக்கம் பிடிக்கவில்லை.
எழுந்து போய்
மறுபடி மோட்டாரைப் போட்டேன்.
அந்தச் சத்தத்தில்
பத்தரை வரை தூங்கினேன்,
ஒரு தடவைகூடப் புரளாமல்.